எந்த வேலைன்னு கேட்டா என்ன சொல்றது?

சென்ற மாதம் சுங்கைப்பட்டாணியில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்தில் சித்தி. எதிர் வரிசையில் இருந்த ஓர் உறவுக்கார அம்மா, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சித்தியிடம் கேட்டார்.

"உங்க பையன் என்ன வேலையா இருக்கான்?"

சித்தி என்னைப் பார்த்தார். நான் பாயசத்தைப் பார்த்தேன்.

"டெக்னாலஜி கம்பெனியில இருக்கான். ஆறு மாசம் ஒரு இடம், அப்புறம் ஆறு மாசம் இன்னொரு இடம். இப்ப பினாங்கு. அப்படியே சுத்திக்கிட்டு இருக்கான்."

"அய்யோ, இன்னும் நிலையா ஒண்ணும் அமையலையா? கவலப்படாதீங்க. என் மருமகன் வேலை செய்ற இடத்துல கேட்டுப் பாக்கச் சொல்றேன்."

சிரிப்பை அடக்கப் போய் எனக்குப் புரையேறிவிட்டது. ஆனால், வீட்டுக்குத் திரும்பும் வழியில் யோசித்தேன். சித்திக்கு மட்டுமல்ல, நம் வீடுகளில் பலருக்கும் இந்த வகை வேலை என்னவென்று தெரியாது. அதற்கான நேர்முகத் தேர்வு எப்படி இருக்கும் என்பது அதைவிடத் தெரியாது. தெரியாததால் விண்ணப்பிக்காமலேயே விட்டுவிடும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். சித்தி மகன் அந்தக் கதவைத் தட்டியபோது பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அதனால் இந்த வாரம் அந்தக் கதை. தம்பியிடம் அனுமதி வாங்கிவிட்டேன். அவன் பெயரும் வரக்கூடாது, நிறுவனங்களின் பெயரும் வரக்கூடாது என்பது நிபந்தனை.

சுழற்சி முறை என்றால் என்ன?

புதிதாகப் பட்டம் பெற்ற ஒருவரை எடுத்து, ஒரே நாற்காலியில் உட்கார வைக்காமல், ஒன்று அல்லது இரண்டு ஆண்டுகளுக்குள் பல பிரிவுகளில் வேலை செய்ய வைப்பார்கள். மென்பொருள், தரவு, விற்பனை, வாடிக்கையாளர் சேவை என்று ஒவ்வொன்றிலும் சில மாதங்கள். கடைசியில் எந்தப் பிரிவு அவருக்குப் பொருந்துகிறதோ அங்கே நிலைப்பார். நம் நாட்டில் வங்கிகளும் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் 'மேனேஜ்மெண்ட் டிரெய்னி' என்ற பெயரில் இதைச் செய்வதைப் பார்த்திருப்பீர்கள்.

தொழில்நுட்ப உலகில் பேர்பெற்றது, கூகல் நிறுவனம் 2002இல் தொடங்கிய ஏ.பி.எம். திட்டம். தொடங்கியவர் மரிசா மேயர். அனுபவசாலிகளைத் தேடிக்கொண்டிருப்பதைவிட, புதிய பட்டதாரிகளை எடுத்து நாமே வளர்ப்போம் என்பது அவரது எண்ணம். இரண்டு ஆண்டுகள், ஆண்டுக்கு ஒரு பிரிவு. கூகல் மேப்ஸ் உருவானதில் பெரும்பங்கு வகித்த பிரெட் டெய்லர் அந்தத் திட்டத்தின் வழி வந்தவர்தான். பிறகு ஃபேஸ்புக்கும் இதே போல ஒன்றைத் தொடங்கியது. அது 18 மாதங்கள், ஆறு மாதம் வீதம் மூன்று சுற்று.

சாதாரண வேலைக்கான நேர்முகத் தேர்வில், "இந்த வேலை உனக்குத் தெரியுமா?" என்று பார்ப்பார்கள். இங்கே, "உனக்குத் தெரியாத வேலையைக் கொடுத்தால் என்ன செய்வாய்?" என்று பார்க்கிறார்கள். கேள்விகள் எல்லாம் அந்த ஒரு கேள்வியிலிருந்துதான் கிளைக்கின்றன. தம்பிக்கு இது புரிய ஒரு தோல்வி தேவைப்பட்டது.

சட்டையும் டையும் போதுமா?

தம்பி கணினி அறிவியல் பட்டதாரி. தேர்ச்சி நன்றாகவே இருந்தது. சித்தப்பா லோரி ஓட்டுநர். முட்டி வலி வந்த பிறகு தொலைதூர ஓட்டத்தைக் குறைத்துவிட்டார். பி.டி.பி.டி.என். கடன் வேறு காத்திருந்தது. பட்டம் வாங்கிய கையோடு தம்பி மோட்டாரில் உணவு விநியோகம் செய்துகொண்டே விண்ணப்பங்களை அனுப்பினான்.

முதலில் அழைத்தது கோலாலம்பூரில் உள்ள ஒரு நிறுவனம். இணையத் தேர்வு, பிறகு கேமராவைப் பார்த்துப் பேசி அனுப்பும் காணொளிச் சுற்று, பிறகு ஒரு நாள் முழுக்கக் குழுப்பயிற்சி, கடைசியாக மூவர் அமர்ந்து கேட்கும் நேர்முகத் தேர்வு. நான்கு கட்டம்.

காணொளிச் சுற்றுக்கு முன் எனக்குப் போன் செய்தான். "அக்கா, எதிர்ல ஆளே இல்லாம எப்படிக்கா பேசறது? நாக்கு ஒட்டிக்குது."

அது என் தொழில் என்பதால் சட்டென்று சொன்னேன். வானொலியில் சேர்ந்த புதிதில் எனக்குச் சொல்லித்தரப்பட்ட முதல் பாடம் அது. மைக்குக்குப் பின்னால் ஆயிரம் பேர் இருப்பதாக நினைக்காதே. ஒருவரை நினைத்துக்கொள். சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும் ஓர் அம்மா. அவரிடம் மட்டும் பேசு. "நீ உனக்குப் பிடிச்ச ஒரு வாத்தியாரோட படத்தை கேமராவுக்கு மேல ஒட்டிக்கோ. அவருகிட்ட சொல்ற மாதிரி சொல்லு" என்றேன். ஒட்டினான். அந்தச் சுற்றைத் தாண்டினான்.

நேர்முகத் தேர்வுக்கு முதல் நாள் இ.டி.எஸ். ரயிலில் வந்து இறங்கினான். கையில் இஸ்திரி போட்ட சட்டையும் சித்தப்பா வாங்கிக் கொடுத்த டையும். பூச்சோங்கில் எங்கள் வீட்டில் தங்கினான். நான் அவனைப் பெரிதாகச் சோதிக்கவில்லை. நிறுவனத்தின் வரலாறு முழுவதும் மனப்பாடமாக வைத்திருந்தான். போதும் என்று நினைத்துவிட்டேன். அது என் தவறு.

மறுநாள் மாலை திரும்பி வந்தவன், "நல்லாத்தான் போச்சுக்கா" என்றான். இரண்டு வாரத்தில் வருத்தக் கடிதம் மின்னஞ்சலில் வந்தது.

என்ன கேட்டார்கள், என்ன சொன்னான் என்று வரிசையாக எழுதச் சொன்னேன். படித்தபோது எனக்கு வேர்த்துவிட்டது. "முதல் ஆறு மாதம் எந்தப் பிரிவில் இருக்க விரும்புகிறாய்?" என்று கேட்டிருக்கிறார்கள். "நீங்கள் எதைக் கொடுத்தாலும் செய்வேன்" என்று சொல்லியிருக்கிறான்.

நம் வீட்டில் அது மரியாதை. பெரியவர்கள் கேட்டால் அப்படித்தான் சொல்ல வேண்டும். விருந்துக்குப் போன இடத்தில் "என்ன சாப்பிடறீங்க?" என்றால், "எதுவா இருந்தாலும் சரி" என்போம் இல்லையா? ஆனால் அந்த மேசையில் அந்தப் பதிலுக்கு வேறு அர்த்தம். 'இவன் எங்களைப் பற்றி யோசித்துவிட்டு வரவில்லை' என்று பொருள்.

நானும் இதே குழியில் விழுந்தவள்தான். ஊடகவியல் பட்டம் வாங்கிய வருடம் நான் போன முதல் நேர்முகத் தேர்வில், "உன்னைப் பற்றிச் சொல்" என்றார்கள். அப்பா என்ன வேலை, உடன்பிறப்புகள் எத்தனை பேர், எந்த ஆரம்பப்பள்ளி, எந்த இடைநிலைப்பள்ளி என்று மூன்று நிமிடம் சொன்னேன். என் குடும்பம் முழுவதும் அந்தப் பதிலில் இருந்தது. நான் மட்டும் இல்லை. வேலையும் கிடைக்கவில்லை.

'நாங்க'வுக்குள் ஒளிந்திருந்தவன்

தம்பி சும்மா இருக்கவில்லை. கூலிமில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலையில் சேர்ந்தான். இரவு வேலை. ஐந்து மாதம் கழித்து இன்னொரு நிறுவனம் அழைத்தது. இந்த முறை இரண்டு நாள் முன்னதாகவே வரச் சொன்னேன்.

இரவு பதினொரு மணிக்கு மாமாக் கடையில் உட்கார்ந்தோம். தே தாரிக் வந்தது.

"உன்னோட இறுதியாண்டுத் திட்டம் என்ன?"

"நாங்க ஒரு செயலி செஞ்சோம்க்கா."

"அதுல நீ என்ன செஞ்ச?"

"எல்லாரும் சேந்துதான் செஞ்சோம்."

"அது சரி. நீ என்ன செஞ்ச?"

"அக்கா, நான்தான் செஞ்சேன்னு எப்படிக்கா சொல்றது? கூட இருந்தவங்க என்ன நெனப்பாங்க?"

நிறைகுடம் தளும்பாது என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளைகள் நாம். தற்பெருமை கூடாது. நல்ல பாடம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் தாகத்தோடு ஒருவர் வந்து கேட்கும்போது குடம் சாய்ந்து ஊற்றவும் வேண்டும்தானே? கேட்பவருக்கு உள்ளே தண்ணீர் இருப்பது எப்படித் தெரியும்?

பேச்சை மாற்றினேன். "படிப்பை விடு. உனக்குத் தெரியாத ஒரு வேலையை நீயா இழுத்துப்போட்டுச் செஞ்சது ஏதாவது இருக்கா?"

கொஞ்ச நேரம் யோசித்தான். "எம்.சி.ஓ. நேரத்துல தங்கச்சி பள்ளிக்கு ஒண்ணு செஞ்சேன். ஆனா அது பெருசா ஒண்ணும் இல்லக்கா."

2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது நினைவிருக்கும். அப்போது அவன் எஸ்.டி.பி.எம். முடித்துவிட்டுப் பல்கலைக்கழக இடத்துக்காகக் காத்திருந்தான். தங்கை தமிழ்ப்பள்ளியில் 5ஆம் ஆண்டு. எந்தெந்த வீட்டில் கைத்தொலைபேசி இருக்கிறது, எத்தனை பிள்ளைகள் அதைப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று ஆசிரியருக்குத் தெரிய வேண்டியிருந்தது. தம்பி ஓர் இணையப் படிவம் செய்து வாட்ஸ்அப் குழுவில் போட்டான். 60 வீடுகள். மூன்று நாளில் ஒன்பது பேர் நிரப்பினார்கள்.

"அப்புறம்?"

"எனக்குக் கோவமா வந்துச்சு. படிவம் நிரப்ப ரெண்டு நிமிசம் ஆகாதான்னு. அப்புறம் ஒவ்வொரு வீட்டுக்கா போன் பண்ணிக் கேட்டேன். அப்பதான் தெரிஞ்சது. வீட்ல இருக்கிற ஒரே போன் அப்பாவோட வேலைக்குப் போயிடுது. ராத்திரி எட்டு மணிக்குத்தான் திரும்பி வருது. அதுக்கப்புறம் அந்தப் படிவத்தைப் படிச்சு, அழுத்தி, எழுதி... அவங்களுக்கு அது பெரிய வேலைக்கா."

அதனால் படிவத்தைத் தூக்கிப் போட்டுவிட்டான். ஆசிரியரை இரண்டு நிமிடத் தமிழ்க் குரல் பதிவு ஒன்று பேசித் தரச் சொன்னான். அதை இரவு எட்டரை மணிக்கு அனுப்பினான். பெற்றோர் குரலிலேயே பதில் அனுப்பினால் போதும் என்றான். வந்த பதில்களைக் கேட்டுக் கேட்டு அட்டவணையில் ஏற்றினான். நான்கு நாளில் 52 வீடுகள். மீதி எட்டு வீடுகளைத் தேடிப் பார்த்ததில், அங்கே போனே இல்லை. அவர்களுக்காக ஆசிரியர் பாடத்தாள்களை அச்சடித்துப் பக்கத்து மளிகைக் கடையில் வைத்தார்.

என் தே தாரிக் ஆறிப்போயிருந்தது. "இதையா பெருசா ஒண்ணும் இல்லன்ன?"

தொழில்நுட்ப நிறுவனங்கள் இதைத்தான் தேடுகின்றன. செய்து கொடுத்த பொருளை மக்கள் பயன்படுத்தவில்லை என்றால் மக்களைக் குறை சொல்வதா, போய்க் கேட்பதா? தம்பி போய்க் கேட்டிருக்கிறான். தன் படிவத்தைத் தானே கைவிட்டிருக்கிறான். அவனைப் பொறுத்தவரை அதில் நிரலெழுத்து இல்லை, அதனால் அது 'டெக்னாலஜி' இல்லை.

அன்று இரவு ஒரு தாளில் இரண்டு கட்டம் போட்டோம். ஒன்றில் ஆசிரியர் செய்தது, மற்றதில் தம்பி செய்தது. குரல் கொடுத்ததும் தாள் அச்சடித்ததும் ஆசிரியர். படிவம் தோற்றதை ஆராய்ந்தது, குரலுக்கு மாற்றியது, அட்டவணை போட்டது தம்பி. "இப்ப சொல்லு. இதுல பெருமை எங்க இருக்கு? யார் எதைச் செஞ்சாங்கன்னு சரியாச் சொல்றது அவ்வளவுதானே. 'நாங்க'ன்னு ஒரே மூட்டையா கட்டினா ஆசிரியர் செஞ்சதும் அதுக்குள்ள மறைஞ்சு போயிடுது" என்றேன். அது அவனுக்குப் பிடித்தது. தனக்காக 'நான்' என்று சொல்லத் தயங்கியவன், ஆசிரியருக்காகப் பிரித்துச் சொல்ல ஒப்புக்கொண்டான்.

பயிற்சியில் உதவிய சில விஷயங்கள்

இனி வருவது உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் உதவலாம்.

ஒன்று, கதைக்கு நான்கு படி. என்ன சூழல், உன் பொறுப்பு என்ன, நீ என்ன செய்தாய், என்ன விளைவு. ஆங்கிலத்தில் இந்த நான்கின் முதல் எழுத்துகளைச் சேர்த்து 'ஸ்டார்' முறை என்பார்கள். பெரும்பாலானவர்கள் சூழலையே இரண்டு நிமிடம் சொல்லிவிட்டு, செய்ததை ஒரு வரியில் முடிக்கிறார்கள். தலைகீழாக இருக்க வேண்டும்.

இரண்டு, முதலில் தமிழில் சொல்லிப் பார்ப்பது. மாமாக் கடையில் தமிழில் சொன்னபோது இருந்த உயிர், ஆங்கிலத்தில் சொன்னபோது செத்துவிட்டது. கோபம் வந்தது, போன் செய்தது எல்லாம் காணாமல் போய்விட்டன. அதனால் தமிழில் சொன்னதைப் போனில் பதிவு செய்தோம். அதைக் கேட்டுவிட்டு அதே வரிசையில் ஆங்கிலத்தில் சொன்னான். சிறிய வாக்கியங்கள்தான். ஆனால் கதை பிழைத்துக்கொண்டது.

மூன்று, மௌனத்துக்குப் பயப்படாமல் இருப்பது. வானொலியில் சில விநாடி சத்தம் இல்லையென்றால் எங்களுக்கு இதயம் நின்றுவிடும். நேர்முகத் தேர்வில் அப்படியில்லை. "ஒரு நிமிடம் யோசித்துச் சொல்கிறேன்" என்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

நான்கு, கணக்குக் கேள்வி. ஒரு விமானத்தில் எத்தனை கோல்ஃப் பந்துகள் அடங்கும் என்பது போன்ற புதிர்களால் ஒரு பயனும் இல்லை என்று கூகலின் அப்போதைய மனிதவளத் தலைவர் லாஸ்லோ போக் 2013இலேயே சொல்லிவிட்டார். ஆனாலும் தோராயக் கணக்குகளை இன்னும் கேட்கும் இடங்கள் உண்டு. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு நாளைக்கு எத்தனை தே தாரிக் விற்கும் என்று நான் கேட்டபோது தம்பி சட்டென்று ஓர் எண்ணைச் சொன்னான். எண் முக்கியமில்லை, வழி முக்கியம். ஏறக்குறைய 8 மில்லியன் பேர். பத்தில் இருவர் தினமும் வெளியில் ஒரு கிளாஸ் குடிப்பதாக வைத்துக்கொண்டால் 1.6 மில்லியன். ஒரு கடை 400 கிளாஸ் விற்றால் 4,000 கடைகள் வேண்டும். அது நம்பும்படியாக இருக்கிறதா என்று நாமே திரும்பிப் பார்த்துத் திருத்த வேண்டும். அந்தத் திருத்தத்தைத்தான் கவனிக்கிறார்கள்.

ஐந்து, குழுப்பயிற்சி. ஆறு பேரை ஒரு மேசையில் உட்கார வைத்து ஒரு சிக்கலைக் கொடுப்பார்கள். சத்தமாகப் பேசுகிறவர்தான் ஜெயிப்பார் என்று பயந்தான். நான் நிகழ்ச்சி நடத்தும்போது என் வேலை நான் பேசுவதல்ல, விருந்தினரைப் பேச வைப்பது. "யாராவது வாயே திறக்காம இருந்தா அவங்கள ஒரு கேள்வி கேளு. நேரம் எவ்வளவு இருக்குன்னு சொல்லு. இதுவரை பேசினதைச் சுருக்கிச் சொல்லு" என்றேன். அன்று அவன் குழுவில் ஒரு பெண் இருபது நிமிடம் பேசாமல் இருந்திருக்கிறாள். இவன் அவளிடம் கருத்துக் கேட்டிருக்கிறான். கடைசியில் குழு எடுத்துக்கொண்ட தீர்வு அவள் சொன்னதுதான்.

இறுதிச் சுற்றில் அதே பழைய கேள்வி வந்தது. முதலில் எந்தப் பிரிவு? இந்த முறை பதில் இருந்தது. "வாடிக்கையாளர் சேவை. மக்கள் எங்கே மாட்டிக்கொள்கிறார்கள் என்பதை முதலில் அவர்கள் வாயால் கேட்க விரும்புகிறேன். பிறகு மென்பொருள் பிரிவுக்குப் போனால் எதைச் சரிசெய்ய வேண்டும் என்று தெரிந்திருக்கும்." காரணம் கேட்டபோது, 60 வீடுகளின் கதையைச் சொன்னான்.

கடிதம் வந்த பிறகு

வேலை கிடைத்தது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதே வாரம் கூலிம் தொழிற்சாலை அவனை நிரந்தரமாக்குவதாகச் சொன்னது. வீட்டிலிருந்தே போய் வரலாம், மிகுதி நேர வேலைக்கும் பணம் உண்டு.

"கையில இருக்கிறத விட்டுட்டு ஏன்டா சுத்தப் போற?" என்று சித்தி அழுதார். தவறில்லை. மாதக் கடைசியில் கடைக்குப் பணம் கட்டுகிறவருக்குத்தான் நிரந்தரம் என்ற சொல்லின் எடை தெரியும்.

சித்தப்பா வேறு விதமாகக் கேட்டார். "சுத்தி முடிச்சதும் எங்க நிறுத்துவாங்க?" லோரி ஓட்டுநரின் கேள்வி. நேர்முகத் தேர்வில் வந்த எல்லாக் கேள்விகளையும்விட நல்ல கேள்வி.

கையெழுத்துப் போடுவதற்கு முன் தம்பி மனிதவளப் பிரிவுக்கு எழுதிக் கேட்டான். நிரந்தரப் பணியா, ஒப்பந்தமா? திட்டம் முடிந்ததும் இடம் உறுதியா? இ.பி.எஃப்., சொக்சோ முதல் மாதத்திலிருந்தே உண்டா? இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும்? வேறு ஊருக்கு அனுப்பினால் தங்கும் செலவு யாருடையது? கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று பயந்தான். அவர்கள் ஒரே நாளில் பதில் எழுதினார்கள். நிரந்தரப் பணி, ஆறு மாதத் தகுதிகாண் காலம், இரண்டு ஆண்டுக் கட்டாயப் பணி, அதற்கு முன் விலகினால் பயிற்சிச் செலவில் ஒரு பகுதி. பிடிக்கிறதோ இல்லையோ, என்னவென்று தெரிந்தது. சித்தப்பா அந்தக் கடிதத்தைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, "போ" என்றார்.

இப்போது இரண்டாம் சுற்று, பினாங்கு. முதல் சுற்று சுலபமாக இல்லை. வாடிக்கையாளர்களிடம் திட்டு வாங்கிய நாள்களில் எனக்குப் போன் செய்து, கூலிமிலேயே இருந்திருக்கலாமோ என்று கேட்டிருக்கிறான். இருந்திருக்கலாம்தான். அது மோசமான வழியல்ல, வேறு வழி. அடுத்து எங்கே நிற்பான் என்று எனக்கும் தெரியாது.

ஆனால் கல்யாணப் பந்தியில் ஒன்றைக் கவனித்தேன். மருமகனிடம் சொல்லி வைப்பதாக அந்த அம்மா சொன்னதும் சித்தி இலையை மூடவில்லை, முகத்தையும் சுளிக்கவில்லை.

"இல்லக்கா, வேலை நிரந்தரம்தான். எல்லா இடத்தையும் கத்துக்கிட்டு வரச் சொல்லி கம்பெனியே சுத்த விடுது" என்றார். பிறகு, யாரும் கேட்காமலேயே, "நேர்முகத்துல தங்கச்சி பள்ளிக்குச் செஞ்சதைத்தான் சொன்னானாம்" என்றார்.

நிறைகுடம் கொஞ்சம் ஊற்றிக்கொண்டது. உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை நேர்முகத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தால், இன்றைக்குப் பசியாறும்போது ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "அதுல நீ என்ன செஞ்ச?" பதில் 'நாங்க' என்று வந்தால் விட்டுவிடாதீர்கள்.